சைக்கிள் கடைக்குப் போகும் முன்: வீட்டுப் பராமரிப்புக்குப் பாகமும் கருவியும் பார்த்து வாங்குவது எப்படி

எங்கள் வீட்டுக்கு அக்கட்டால இருக்கும் பையன் போன மாசி மாதம் பல்லடம் போய் ஒரு டயர் வாங்கி வந்தான். தங்கச்சி பள்ளிக்கூடம் போகும் சைக்கிளுக்கு. கடையில் "26 இஞ்ச் டயர்" என்று கேட்டிருக்கிறான், அவர்களும் 26 இஞ்ச் டயரைத்தான் கொடுத்திருக்கிறார்கள். திண்ணையில் உட்கார்ந்து அரை மணி நேரம் மல்லுக்கட்டினோம். டயர் ரிம்மில் ஏறவே இல்லை, ஒரு பக்கம் நெம்பினால் இன்னொரு பக்கம் ரிம்முக்கு வெளியே இடித்து நின்றது. கடைசியில் பழைய டயரின் பக்கவாட்டைத் துணியால் துடைத்துப் பார்த்தோம். அதில் 26 × 1⅜ என்று இருந்தது. புதியதில் 26 × 1.95. இரண்டும் 26தான். ஆனால் ரிம்மில் உட்காரும் விளிம்பின் விட்டம் ஒன்றுக்கு 590 மில்லிமீட்டர், மற்றதற்கு 559. 31 மில்லிமீட்டர் குறைவான டயரை எந்த லீவர் வைத்து நெம்பினாலும் ஏற்ற முடியாது.

அன்றைக்கு அவனுக்குச் சொன்னதையே இங்கே விரிவாக எழுதுகிறேன். ஊருக்கு ஊர் வாடகை சைக்கிள் கடை இருந்த காலத்தில் ஒரு சத்தம் வந்தால் கடையில் விட்டுவிட்டு டீ குடித்து வரலாம். இப்போது எங்கள் பக்கம் நாலு ஊருக்கு ஒரு கடை இருந்தால் பெரிது. மில்லுக்கும் பனியன் கம்பெனிக்கும் சைக்கிளில் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், காலையில் உடம்புக்காக ஓட்டுகிறவர்கள் புதிதாக நிறையப் பேர் வந்திருக்கிறார்கள். எல்லாருக்கும் சின்ன வேலைகளை வீட்டிலேயே முடிக்கத் தெரிந்திருப்பது நல்லது.

முதலில் ஒரு நோட்டு, ஒரு ஸ்கேல்

ஸ்பேனர் செட் வாங்கும் முன்னால் ஒரு சின்ன நோட்டும் 30 சென்டிமீட்டர் இரும்பு ஸ்கேலும் வாங்குங்கள். சைக்கிள் சாமானில் ஒரே பெயருக்கு நாலு அளவு இருக்கிறது. உங்கள் வண்டியின் அளவு எழுத்தாகக் கையில் இருந்தால் வீண்செலவில் பாதி அப்போதே நின்றுவிடும்.

நோட்டில் முதல் வரி டயர் எண். டயரின் பக்கவாட்டில் இஞ்ச் கணக்கோடு 37-590, 40-635, 28-622 என்று இன்னொரு எண்ணும் பெரும்பாலும் அச்சடித்திருக்கும். முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது ரிம்மில் உட்காரும் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். இரண்டாவது எண் ஒத்துப்போனால்தான் டயர் ஏறும். நம் அப்பாரு காலத்து 28 × 1½ பெரிய சைக்கிளுக்கு 635. கியர் வைத்த ரோடு சைக்கிளின் 700சி டயருக்கு 622, அதற்கும் சிலர் 28 என்றே சொல்வார்கள். பழைய மலை சைக்கிள் 26க்கு 559, 27.5க்கு 584. 29 என்று விற்பதும் 622தான்.

அடுத்து வால்வு. பெரிய சைக்கிளில் வருவது உள்ளே ரப்பர் வால்டியூப் மாட்டிய பழைய வகை. பைக், கார் டியூபில் இருப்பது போன்ற தடித்த வால்வு இரண்டாவது வகை. நுனியில் குட்டி நட்டு வைத்த ஒல்லி வால்வு மூன்றாவது. பெட்ரோல் பங்க் காற்றுக்குழாய் நேராகப் பொருந்துவது தடித்த வால்வுக்கு மட்டும்தான். பம்பு வாங்கும்போது அதன் வாய் உங்கள் வால்வைப் பிடிக்கிறதா என்று கடையிலேயே மாட்டிப் பாருங்கள்.

பின்னால் எத்தனை பல்சக்கரம், பிரேக் எந்த வகை, கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) காட்டர் பின் (கிராங்கை அச்சோடு பிணைக்கும் ஆப்பு) போட்டதா, ஆக்சில் (சக்கர அச்சு) நட்டுக்கு எந்த ஸ்பேனர் பிடிக்கிறது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்துக்குள் முடிந்துவிடும்.

பஞ்சர்: அதிகம் செய்யப் போகும் வேலை

நம் பக்கத்து மண்ணில் பஞ்சர் ஒட்டத் தெரியாமல் சைக்கிள் வைத்திருப்பது கஷ்டம். மழை பெய்தால் ரோட்டோரம் நெருஞ்சி படர்ந்துவிடும். காங்கேயம் பக்கம் கொறங்காட்டு (மேய்ச்சல் நிலம்) ஓரமாகப் போகிறவர்களுக்கு வெள்வேலா முள், மற்ற இடமெல்லாம் சீமைக்கருவேல முள்.

வாங்க வேண்டியவை: டயர் லீவர் இரண்டு அல்லது மூன்று, உப்புத்தாள், ரப்பர் சொல்யூஷன், பேட்ச், பம்பு. திருப்புளியால் டயரைக் கழற்றாதீர்கள், முள் குத்தாத இடத்திலும் அதுவே ஓட்டை போட்டுவிடும். சொல்யூஷன் டியூபைச் சின்னதாகப் பார்த்து வாங்குங்கள். ஒருமுறை திறந்துவிட்டால் நம் வெயிலுக்குச் சில மாதத்தில் உள்ளேயே காய்ந்துவிடுகிறது. பம்பில் காற்றளவு காட்டும் மீட்டர் இருந்தால் நல்லது. எவ்வளவு அடிக்கலாம் என்பது டயரிலேயே அச்சடித்திருக்கும்.

செய்யும் முறை. டியூபை வெளியே எடுக்கும் முன், டயரில் எழுத்து இருக்கும் இடம் வால்வுக்கு எந்தப் பக்கம் என்று பார்த்து வையுங்கள். ஓட்டையைக் கண்டுபிடித்த பிறகு டியூபை டயரின் மேல் அதே மாதிரி வைத்தால், டயரில் முள் எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். ஓட்டை டியூபின் வெளிப்பக்கம் இருந்தால் முள். ரிம் பார்த்த உள்பக்கம் இருந்தால், ரிம்முக்குள் சுற்றிய ரிம் டேப் நகர்ந்து, சக்கரத்தின் போக்ஸ் (ஸ்போக்ஸ்) கம்பியின் தலை குத்தியிருக்கிறது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கீறல் இருந்தால், காற்றுக் குறைவாக வைத்துக் குழியில் இறக்கியிருக்கிறீர்கள்.

இனி முள்ளைத் தேட வேண்டும். டயருக்குள் வெறும் விரலை விட்டுத் தடவாதீர்கள். கொஞ்சம் பஞ்சை உருட்டி எடுத்து உள்பக்கமாக ஒரு சுற்றுத் தடவுங்கள். முள் நுனி எவ்வளவு சின்னதாக இருந்தாலும் பஞ்சின் இழை அதில் மாட்டி மயிர்போல நின்றுவிடும். கண்ணுக்கே தெரியாத நெருஞ்சி முனையை இப்படி எத்தனையோ தடவை எடுத்திருக்கிறேன். அதை எடுக்காமல் டியூபை மட்டும் ஒட்டினால் மறுநாள் காலை மறுபடியும் காற்று இறங்கி நிற்கும்.

டியூபை உப்புத்தாளால் மினுமினுப்புப் போகும்வரை தேயுங்கள். சொல்யூஷனை பேட்சைவிடக் கொஞ்சம் பெரிய வட்டமாக மெல்லிசாகத் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை காயவிடுங்கள். பெரும்பாலானவர்கள் தவறுவது இந்த இடத்தில்தான். ஈரமாக இருக்கும்போதே பேட்சை அழுத்தினால் ஒட்டியது போலத் தெரியும், இரண்டு கிலோமீட்டரில் விட்டுவிடும். ஐந்து நிமிடம் பொறுத்து, பேட்சை நடுவிலிருந்து ஓரம் நோக்கிக் கட்டைவிரலால் அழுத்துங்கள். வால்வு அடியில் கிழிந்திருந்தால் ஒட்டிப் பயனில்லை, டியூபையே மாற்றுங்கள்.

வால்டியூப் வகை வால்வு வைத்திருப்பவர்கள் நாலு வால்டியூப் வாங்கிப் பெட்டியில் போட்டுவையுங்கள். பஞ்சர் என்று நினைத்துக் கழற்றுவதில் பல, வெயிலில் வெடித்த வால்டியூபாகத்தான் இருக்கும்.

செயின்: 254 என்ற எண்

செயின் தேய்ந்துவிட்டதா என்பதைப் பார்வையால் சொல்ல முடியாது, அளக்க வேண்டும். ஒரு பின்னின் நடுவிலிருந்து அடுத்த பின்னின் நடுவுக்கு அரை இஞ்ச். அதனால் 20 பின் தாண்டினால் 10 இஞ்ச், அதாவது 254 மில்லிமீட்டர். இரும்பு ஸ்கேலின் சைபர் கோட்டை ஒரு பின்னின் நடுவில் வைத்து, செயினை இழுத்துப் பிடித்து, அந்தப் பின்னை விட்டு எண்ணி இருபதாவது பின்னின் நடு எங்கே வருகிறது என்று பாருங்கள். புதுச் செயினில் 254-இலேயே நிற்கும். 256-ஐத் தொட்டுவிட்டால் மாற்றும் நேரம். பின்னால் 11, 12 பல்சக்கரம் வைத்த வண்டியாக இருந்தால் 255 தாண்டியதுமே மாற்றிவிடுவது நல்லது.

இந்த இரண்டு மில்லிமீட்டருக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? உள்ளே இருக்கும் பின் தேயத் தேயச் செயின் நீள்கிறது. நீண்ட செயின் பல்லின் அடியில் உட்காராமல் மேலே ஏறி இழுக்கும். அப்போது பின்சக்கரத்தில் இருக்கும் ஃப்ரீவீல் பல்லும் பெடல் பக்கத்துப் பல்சக்கரத்தின் பல்லும் அரிவாள் மூக்குப் போல ஒரு பக்கம் வளைந்துவிடும். நேரத்தில் செயினை மட்டும் மாற்றியிருந்தால் போதும் என்ற இடத்தில் மூன்றையும் ஒட்டுக்கா மாற்ற வேண்டிவரும்.

வாங்கும்போது கேட்க வேண்டிய அளவு: கியர் இல்லாத சைக்கிளுக்கு ½ × ⅛. கியர் சைக்கிளுக்கு அதைவிட ஒல்லியான செயின், 6 முதல் 8 வரை ஒன்று, 9க்கு ஒன்று, 10க்கு ஒன்று என்று பின்னால் இருக்கும் பல்சக்கரங்களின் எண்ணிக்கையைச் சொல்லித்தான் வாங்க வேண்டும். புதுச் செயினைப் பழையதன் பக்கத்தில் நீட்டி வைத்து, நீளத்தை ஸ்கேலால் பார்க்காமல் கண்ணியை எண்ணி, அதே எண்ணிக்கைக்கு வெட்டுங்கள். பழையது நீண்டு போயிருக்கும் என்பதை மறக்க வேண்டாம். வெட்ட ஒரு செயின் கட்டர் வேண்டும். கிளிப் வைத்த செயின் லாக் போடுகிறவர்கள் கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்கும்படி போடுங்கள், திறந்த முனை முன்னால் இருந்தால் எதிலாவது தட்டிக் கழன்றுவிடும்.

எண்ணெய் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். தேங்காய் எண்ணெய் வேண்டாம். பொள்ளாச்சிப் பக்கம் வீடெல்லாம் தேங்காய் எண்ணெய்தான், கைக்கு எட்டுகிறது என்று செயினுக்கும் விட்டுவிடுகிறோம். அது புழுதியைச் சேர்த்து உப்புத்தாள் போலச் செயினை அராவும். பைக்கில் இருந்து வடித்த பழைய இன்ஜின் ஆயிலும் அப்படித்தான், அதில் உலோகத்தூளும் சேர்ந்திருக்கும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று உடுமலை, பல்லடம் வரை புழுதியை வாரி அடிக்கும்போது உலர்ந்த வகைச் செயின் ஆயில் நல்லது, புழுதி குறைவாக ஒட்டும். ஐப்பசி மழைக்குக் கெட்டியான ஈரவகை. இரண்டும் கிடைக்காவிட்டால் தையல் மிஷின் எண்ணெயை அடிக்கடி விடலாம்.

விடும் முறை இதுதான்: திருப்பூர் பனியன் வேஸ்ட் துணியால் செயினைச் சுற்றிப் பிடித்து பெடலைப் பின்னோக்கிச் சுற்றி அழுக்கைத் துடையுங்கள். ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு. பத்து நிமிடம் கழித்து மேலே தெரியும் எண்ணெய் முழுவதையும் துடைத்துவிடுங்கள். எண்ணெய் வேலை செய்வது உள்ளே, வெளியே இருப்பது புழுதிக்கு மட்டுமே உதவும்.

பிரேக்

பிரேக் கட்டை வாங்கும்போது பழைய கட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். கம்பி பிரேக் வைத்த பெரிய சைக்கிளில் கட்டை ரிம்மின் உள்பக்கத்தைப் பிடிக்கும், ஒயர் இழுத்துப் பிடிக்கும் காலிப்பர், வி-பிரேக் வகைகளில் பக்கவாட்டைப் பிடிக்கும். மூன்றும் ஒன்றுக்கொன்று மாற்றாகாது. குரோம் பூசிய இரும்பு ரிம் மழையில் நனைந்தால் பிரேக் வழுக்கும். எவ்வளவு நல்ல கட்டை போட்டாலும் அலுமினிய ரிம் அளவுக்குப் பிடிக்காது, மழைநாளில் அதற்குத் தகுந்த இடைவெளி விட்டுத்தான் ஓட்ட வேண்டும்.

கேபிளில் ஒரு முக்கியமான சங்கதி. பிரேக் ஒயரின் வெளிக்குழாயும் கியர் ஒயரின் வெளிக்குழாயும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். பிரேக் குழாய்க்குள் இரும்புப்பட்டை சுருளாகச் சுற்றியிருக்கும், கியர் குழாய்க்குள் கம்பிகள் நீளவாக்கில் படுத்திருக்கும். கியர் குழாயைப் பிரேக்குக்குப் போட்டால் அவசரத்துக்கு அழுத்தும்போது பிளந்துவிடலாம். வெட்டிய முனையைப் பார்த்து வாங்குங்கள். உள் ஒயரின் தலையும் இரண்டு வகை: நேர் ஹேண்டில்பாருக்கு உருளை வடிவம், கீழ்நோக்கி வளைந்த ரோடு ஹேண்டில்பாருக்குப் பேரிக்காய் வடிவம்.

டிஸ்க் பிரேக் வைத்திருப்பவர்கள் செயினுக்கு எண்ணெய் விடும்போது தட்டை ஒரு துணியால் மூடிக்கொள்ளுங்கள். ஒரு சொட்டுப் பட்டாலும் பிரேக் பேடு கெட்டுவிடும்.

ஸ்பேனர், ஆலன் கீ, பெடல்

8, 9, 10, 13, 14, 15 மில்லிமீட்டர், இந்த ஆறு அளவு இருந்தால் பழைய சைக்கிளில் பெரும்பாலான நட்டுக்குப் போதும். பிரேக்குக்கு 10, ஆக்சில் நட்டுக்கு 14 அல்லது 15. புதிய சைக்கிளில் 2 முதல் 8 வரை ஆலன் கீ செட், அதில் 4, 5, 6தான் தினம் கையில் இருக்கும். டிஸ்க் தட்டைக் கழற்ற டி25 என்ற நட்சத்திரக் கீ வேண்டும். நாற்பது சாமான் கொண்ட மலிவான பெட்டியைவிட நல்ல இரும்பில் ஏழெட்டுச் சாமான் வாங்குங்கள். மெல்லிய இரும்பு ஸ்பேனர் வாய் அகன்று நட்டின் முனையை மழுக்கிவிடும், மழுங்கிய நட்டைக் கழற்றுவது பெரிய வேலை. ஸ்க்ரூ ஸ்பேனரை அவசரத்துக்கு மட்டும் எடுங்கள்.

பெடல் பற்றிச் சொல்லியாக வேண்டும். எனக்குப் பத்தொன்பது வயசில் வலது பெடலை இடது கிராங்கில் வைத்துப் பலம் கொண்ட மட்டும் முறுக்கிவிட்டேன். மரை முழுவதும் போய், கிராங்கையே மாற்ற வேண்டியதாயிற்று. அன்றைக்கு அது எங்கள் வீட்டில் சின்னத் தொகை இல்லை. இடது பெடலின் மரை தலைகீழ் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. ஊர்க் கடைக்கார அண்ணன் அப்போது காட்டிக் கொடுத்த கணக்கைத்தான் இன்றுவரை வைத்திருக்கிறேன்: "கண்ணு, ஸ்பேனர மேல நிமுத்தி மாட்டிக்கோ. பின்னாடி டயரப் பாத்து இழுத்தா கழலும். முன்னாடி டயரப் பாத்துத் தள்ளுனா இறுகும். ரெண்டு பக்கத்துக்கும் இதே கணக்குத்தான்."

பெடல் அச்சின் முனையில் ஆர், எல் என்ற எழுத்து இருக்கும். ஆர் வலதுக்கு, எல் இடதுக்கு. மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவி, முதல் நாலு சுற்று விரலாலேயே முறுக்குங்கள். விரலுக்கு இறங்கவில்லை என்றால் கோணலாக ஏறுகிறது, நிறுத்தி மறுபடி தொடங்குங்கள். பெடல் வாங்கும்போது மரை அளவையும் கேளுங்கள்: பெரியவர்கள் சைக்கிளுக்குப் பெரும்பாலும் 9/16 இஞ்ச், குழந்தைகள் சைக்கிள் பலவற்றில் ½ இஞ்ச்.

பால்ரஸ்

சக்கரத்தைத் தூக்கி ரிம்மைப் பிடித்து இடம் வலமாக ஆட்டிப் பாருங்கள். டொக் டொக் என்றால், பால்ரஸ் குண்டுகளை ஆக்சிலில் பிடித்து நிறுத்தும் கோன் தளர்ந்திருக்கிறது. சக்கரத்தைக் கழற்றி ஆக்சிலை விரலால் சுற்றும்போது மணல் அரைபடுவது போல இருந்தால் கிரீஸ் காய்ந்துவிட்டது. அன்னூர், சூலூர் கரிசல் காட்டில் மழைநாளில் ஓட்டுகிறவர்களுக்கு வருடம் ஒருமுறையாவது இந்த வேலை வரும்.

இதற்குக் கோன் ஸ்பேனர் என்ற தகடுபோல ஒல்லியான ஸ்பேனர் வேண்டும், சாதாரண ஸ்பேனர் இடுக்கில் நுழையாது. கழற்றும்போது அடியில் ஒரு எவர்சில்வர் தட்டு வையுங்கள். குண்டுகள் வழக்கமாக முன்சக்கரத்தில் பக்கத்துக்கு 10, அளவு 3/16 இஞ்ச். பின்சக்கரத்தில் பக்கத்துக்கு 9, அளவு ¼ இஞ்ச். கழற்றும்போதே எண்ணி நோட்டில் எழுதுங்கள். புதுக்குண்டு விலை மலிவு, அதனால் மொத்தமாக மாற்றுங்கள், பழையதோடு புதியதைக் கலந்தால் பெரிய குண்டின் மேல் மட்டும் பாரம் விழும். கோனில் குண்டு ஓடும் பாதையில் அம்மை வடுப்போலப் பள்ளம் இருந்தால் கோனையும் மாற்ற வேண்டும். சர்வீஸ் ஸ்டேஷன் தண்ணீரை வேகமாக ஆக்சில் பக்கம் அடிக்க விடாதீர்கள், கிரீஸ் முழுவதும் வெளியேறிவிடும்.

கடைக்காரருக்கே விட வேண்டியவை

காட்டர் பின் அடித்துக் கழற்றுவது, பி.பி. கப்பு (கிராங்க் அச்சு சுழலும் கிண்ணம்) மாற்றுவது, ஹைட்ராலிக் பிரேக்குக்கு எண்ணெய் மாற்றுவது, வீல் பெண்டு எடுப்பது (கோணிய சக்கரத்தை நேராக்குவது). கடைசி வேலை கற்றுக்கொள்ளக்கூடியதுதான், ஆனால் பெரிய சைக்கிளில் முன்னால் 32, பின்னால் 40 கம்பி. ஒன்றை இறுக்கினால் எதிர்ப்பக்கம் நகரும். கை பழகியவர் கால் மணி நேரத்தில் முடிப்பதை நாம் பொழுதோட வரை இழுத்துக் கெடுத்துவிடுவோம். ஒரு கம்பி மட்டும் தளர்ந்திருந்தால் போக்ஸ் கீ வைத்துக் கால் சுற்று முறுக்கலாம், அதற்கு மேல் வேண்டாம்.

கடையில்

பழைய பாகத்தையும் நோட்டையும் கொண்டுபோங்கள். ஸ்பேர் பார்ட்ஸில் பெரும்பகுதி லூதியானாவிலிருந்து வருகிறது, ஒரே பாகத்தில் இரண்டு மூன்று தரம் இருக்கும். விலையைக் கேட்கும் முன் தரத்தைக் கேளுங்கள். அட்லஸ் சைக்கிள் கம்பெனியின் கடைசித் தொழிற்சாலை 2020 ஜூனில் மூடப்பட்டபோது, இனி பாகம் கிடைக்காது என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் நெம்பக் கவலைப்பட்டார்கள். 28 இஞ்ச் பெரிய சைக்கிளுக்கு எந்தக் கம்பெனியானாலும் அளவு ஏறக்குறைய ஒன்றே என்பதால் டயர், டியூப், ஃப்ரீவீல், கோன் எதற்கும் இன்றுவரை அலைய வேண்டியதில்லை.

ஆன்லைனில் வாங்கலாம், ஆனால் நோட்டில் எண் இருக்கும் பாகத்தை மட்டும். எண் தெரியாததைக் கடையில் கையில் வைத்துப் பார்த்து வாங்குங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்க வேண்டியதும் இல்லை. முதல் மாதம் பஞ்சர் சாமானும் பம்பும், அடுத்து ஸ்பேனர், ஆலன் கீ, செயின் ஆயில். செயின் கட்டரும் கோன் ஸ்பேனரும் வேலை வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

அந்தப் பையன் மறுநாள் காலையில் பழைய டயரைத் தோளில் மாட்டிக்கொண்டு மறுபடி பல்லடம் போனான். புதுசு அழுக்காகவில்லை என்பதால் கடைக்காரர் மாற்றிக் கொடுத்துவிட்டார். "ஏனுங்ண்ணா, கொஞ்சம் வந்து பாருங்" என்று கூப்பிட்டான். போய்ப் பார்த்தபோது, லீவரே இல்லாமல் கட்டைவிரலாலேயே டயரை ஏற்றி முடித்திருந்தான். பக்கத்தில் தங்கச்சி அவளுடைய பழைய கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் 37-590 என்று எழுதி, அடியில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.